என்னைவிட இளைய மண்

முப்பத்தோரு வருடம், மற்றவர்கள் ஊருக்குப் போய்வந்ததைச் சரிபார்ப்பதுதான் எனக்கு வேலை. நெய்வேலியில் வேலை பார்த்தவர்கள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வர அவர்களுக்கு ஒரு பயணச் சலுகை உண்டு; நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதையே இந்தியாவின் எந்த மூலைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். போய்வந்த அத்தாட்சியெல்லாம் என் மேசைக்கு வரும். ரயில் டிக்கெட்டின் முனை கிழிந்திருந்தால் ஏன் கிழிந்தது என்று எழுதிக் கேட்பேன். நாகர்கோவில், தென்காசி, பாலக்காடு, ஓங்கோல் என்று ஊர்கள் என் கை வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். நான் உட்கார்ந்தே இருப்பேன்.

என் பணிப் பதிவேட்டில் சொந்த ஊர் என்ற இடத்தில் காடாம்புலியூர் என்று இருந்தது. நெய்வேலியில் பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, சட்டையைச் சரிசெய்து உட்காருவதற்குள் நடத்துனர் இறங்கச் சொல்லிவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் மனைவியின் ஊர், தாத்தாவின் ஊர் என்று தூரமாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். நான் இருபத்தேழு வயதில், யாரும் மிரட்டாமலே, உண்மையை எழுதிவிட்டேன். இந்தியாவின் எந்த மூலைக்கும் போகிற சலுகையோ, ஒருமுறை தங்கை கல்யாணத்தில் போயிற்று, ஒருமுறை மகளின் பரீட்சையில் போயிற்று. மற்ற முறைகள் எதில் போயின என்றே ஞாபகமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஃபோர்மேன். நாகர்கோவில்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு தோட்டம், ஒரே மாதிரி துவைக்கிற கல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் குடும்பம் பெட்டி படுக்கையோடு கிளம்பும். திரும்பி வரும்போது நேந்திரங்காய் வறுவல் ஒரு பெரிய பொட்டலம் வேலிக்கு மேலாக வரும். பதிலுக்கு நான் பலாப்பழம் கொடுப்பேன். பலாப்பழத்தைப் பண்ருட்டிச் சாலையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த வறுவலை நான் ஒருநாளும் முழு மனதோடு தின்றதில்லை.

அவருக்குப் படிவம் என்றால் வியர்க்கும். சுரங்கத்தின் அடியில் இயந்திரம் நின்றுபோனால் மழையில் இறங்கிப் போய்ச் சரிசெய்கிற மனிதர், பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுக என்ற வரியைப் பார்த்ததும் என்னிடம் ஓடி வருவார். கேஸ் இணைப்பு முதல் மகளின் கல்லூரி விண்ணப்பம் வரை அவர் வீட்டுக் காகிதம் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. தன் பயணங்களுக்கான படிவங்களையும் என்னையே எழுத வைத்து, என்னையே சரிபார்க்க வைத்தார். இதைவிட ஒரு மனிதனை வேறு எப்படி வதைக்க முடியும் என்று தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் இளம் பொறியாளர் அந்தமான் போய்வந்த காகிதங்களோடு, தவறுதலாக ஒரு புகைப்படமும் என் மேசைக்கு வந்தது. கடல் நடுவில் ஒரு மலை. மலையின் ஒரு பக்கம் இடிந்து திறந்திருக்க, அந்தத் திறப்பு வழியாகக் கறுப்பாக ஒரு நாக்கு கடல்வரை நீண்டிருந்தது. பின்னால் எழுதியிருந்தார்: எரிமலைத் தீவு, வனவிலங்குச் சரணாலயம், மனிதர் யாரும் கிடையாது, இந்தக் கறுப்பு நிலம் நாலைந்து வருடம் முன்பு குழம்பாக ஓடிவந்து உறைந்தது. அவருடைய காகிதங்களில் ஒரு இணைப்பு குறைந்ததால் திருப்பி அனுப்பினேன். புகைப்படத்தை மூன்று நாள் கழித்துத்தான் அனுப்பினேன்.

நெய்வேலியில் எங்கள் காலடியில் இருப்பது எந்தக் காலத்திலோ புதைந்து நிலக்கரியாகிப்போன காடு. தோண்டத் தோண்டப் பழசுதான் வரும். தோண்டிக் கொட்டிய மண்மேடும் பழைய மண்தான், இடம் மாறியது அவ்வளவே. அந்தப் படத்தில் இருந்த நிலமோ என் ஸ்கூட்டரைவிட இளையது. எங்கள் வீட்டு கிரைண்டர் அதற்கு அண்ணன். எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள் என்னைவிட வயதில் சின்ன நிலத்தின் மேல் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நாகர்கோவில்காரர்கள் யாரும் போகாத ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. இல்லை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ரகசியமாக வைத்திருந்தேன். என் மனைவிக்கு ரகசியம் என்பது வேலிக்கு மேலாகச் சொல்லப்படும் செய்தி.

"என்ன சார், அந்தமானாமே? அக்கா சொன்னாங்க" என்றார் ஃபோர்மேன், மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே.

"ஆமா. ஒரு எரிமலை இருக்கு. பார்த்துட்டு வரலாம்னு."

"நம்ம நிலக்கரிக் குவியல்லயே புகை வருதே சார், அது பத்தாதா?" என்று சிரித்தார். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "எனக்கும் ஒண்ணு எழுதிப் போட்டுடுங்களேன். ஊருக்குப் போயிப் போயி சலிச்சுப்போச்சு" என்றார்.

ஊருக்குப் போய்ப் போய் அவருக்குச் சலித்துவிட்டதாம். அன்று காலை எனக்குக் காபி இறங்கவில்லை. ஆனாலும் எழுதிப் போட்டேன். படிவம் கேட்டு வந்தவரை வெறும் கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். முதல் நாளே எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. அடுத்த படுக்கையில் ஃபோர்மேன் கொட்டாவி விட்டுக்கொண்டு, வறுவல் தின்றுகொண்டு கிடந்தார். போர்ட் பிளேரில் இறங்கியதும் இரண்டு மனைவிகளும் இனித் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று விடுதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"சாம்பலப் பாக்கறதுக்கு இன்னொரு கப்பல் ஏறிப் போவணுமா?" என்றாள் என் மனைவி. "நம்ம வூட்டுக் கொடியில பவர் ஹவுஸ் சாம்பல் தெனம் விழுது. துணிய ஒதறிகினே இருக்கேன். அத உக்காந்து பாத்தா ஆவாதா?"

தீவுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். வழக்கமாகக் கப்பலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். அந்தமுறை கடல் அமைதியாக இருந்தால் பத்துப் பேரை மட்டும் ரப்பர் படகில் கொண்டுபோய்க் கறுப்பு நிலத்தில் கால்மணி நேரம் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு படிவம். இரண்டு பக்கம், வரிசையாக எண் போட்டு, இடம் விட்டு அச்சடித்த அருமையான படிவம். பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. கப்பல் கிறுகிறுப்பு நின்றது. ஃபோர்மேனுடையதை முதலில் எழுதினேன்.

"வருகையின் நோக்கம்னு கேட்டிருக்கு. என்ன போட?"

"சும்மான்னு போடுங்க சார்."

"அப்படியெல்லாம் போட முடியாது."

"சும்மாதானே சார் போறோம்?"

இயற்கையைப் பார்வையிடல் என்று எழுதினேன். ஒன்பதாவது கேள்வி, உடல்நலக் குறை ஏதும் உண்டா.

"எனக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். சொல்லி முடித்துவிட்டு இருமினார். மார்கழி மாதத்தில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் வேலி தாண்டி எங்கள் சமையலறைவரை கேட்கும். எதிர்க்காற்று அடித்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்வதைத்தான் எழுத வேண்டும். இல்லை என்று எழுதினேன்.

பிறகு என்னுடையது. முப்பத்தோரு வருடம் இணைப்பு இல்லை என்று மற்றவர்களின் காகிதத்தைத் திருப்பியவன் நான். என் காகிதத்தில் ஒரு குறை இருக்கலாமா? எனக்கு லேசான இரத்த அழுத்தம் உண்டு. காலையில் அரை மாத்திரை. ஒன்பதாவது கேள்விக்கு, "உண்டு. கட்டுப்பாட்டில் உள்ளது. இணைப்பு ஒன்று காண்க" என்று எழுதி, நெய்வேலியிலிருந்து கிளம்பும்போதே எங்கள் ஆஸ்பத்திரிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கி வைத்திருந்ததைக் குண்டூசி குத்திச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுப்பதில்தான் என் திறமையே இருந்தது.

விடியும் முன்பே கிளம்பியது கப்பல். முற்பகலில் தீவு வந்தது. அதைச் சுற்றிக் கடல் மை போலக் கறுத்துக் கிடந்தது. செங்குத்தான பழைய சுவர், அதன் மேல் பச்சை. மேற்கே வந்ததும் சுவர் உடைந்து திறந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கூம்பு, அதன் உதட்டில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கறை, மெல்லிய புகை. அங்கிருந்து கறுப்புக் கற்குழம்பு இறங்கி வந்து, கடலைத் தொட்ட இடத்தில் அப்படியே நின்றுவிட்டிருந்தது. காற்று திரும்பியபோது தீப்பிடித்த நிலக்கரிக் குவியலின் வாசம் வந்தது. வீட்டு வாசம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் காலுக்கும் அந்த மண்ணுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்தான் இருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருந்தது.

வனக்காவலர் அந்தமானில் பிறந்த தமிழர். பட்டியலைப் படித்தார். ஃபோர்மேன் பெயர் மூன்றாவது. பத்துப் பெயரும் முடிந்தன. என் பெயர் வரவில்லை.

"ஒரு பெயர் விட்டுப்போச்சு" என்றேன்.

காகிதத்தைப் புரட்டினார். "இல்ல சார். உங்களுக்கு பி.பி. இருக்கு. உடம்புக்குக் குறை எழுதினவங்கள ரப்பர் படகுல ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு."

"லேசான பி.பி. கட்டுக்குள்ள இருக்குன்னும் எழுதியிருக்கேனே."

"ஆஸ்பத்திரிச் சீட்டு வேற குத்தியிருக்கீங்களே சார். நாங்க கேக்கவே இல்லையே." நகலைத் தூக்கிப் பார்த்தார். முத்திரையை மெச்சியதுபோல் தலையாட்டினார். "ரூல் தெரிஞ்சவரு மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

கடைசி வாக்கியம் என்னுடையது. அதை என் மேசைக்கு எதிரே நின்ற எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். கேட்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஃபோர்மேன் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். கயிறு கட்டத் தெரியாமல் யாரோ கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு மண்ணும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர் முகம். அதைப் பார்த்ததும் என் வாய் திறந்தது.

"இவருக்கு இளைப்பு இருக்கு" என்றேன்.

வனக்காவலர் காகிதத்தைப் பார்த்தார். "படிவத்துல இல்லைன்னு இருக்கே சார்."

"நான்தான் எழுதினேன். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சார் இல்லைன்னு எழுதினீங்க?"

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு நாகர்கோவில் பேச்சு வரும். வரவில்லை.

"விடுங்க தம்பி" என்றார் வனக்காவலரிடம். "சார் கையால எழுதினது. முப்பது வருஷத்துல அந்தக் கை ஒரு எழுத்து தப்பினதில்ல." ஏணியில் இறங்கிவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஒருவரிடம் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினேன். வேண்டாம் என்று விட்டிருக்கலாம், முடியவில்லை. படகு கறுப்புக் கல்லில் முட்டியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஃபோர்மேன் மற்றவர்களை விட்டு விலகிப் பத்தடி நடந்தார். பிறகு எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தினார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டு அப்படியே இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரோடு சர்ச்சுக்குப் போயிருக்கிறேன். அங்கேகூட அந்த மனிதர் அப்படிக் குனிந்து நான் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சும்மா வந்தவருக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது. எனக்கு வர வேண்டிய உணர்ச்சி, விலாசம் மாறி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மேலே பழைய சரிவின் பச்சையில் ஆடுகள் நின்றன. எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஆடுகளின் வம்சமாம். அவற்றில் ஒன்று மெதுவாகக் கறுப்பு நிலத்தில் இறங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போயிற்று. ஆட்டின் மேலும் பொறாமைப்பட்டேன். அதற்கு ஒன்பதாவது கேள்வி கிடையாது.

ஃபோர்மேன் எழுந்து கப்பலைப் பார்த்துக் கையசைத்தார். நான் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

படகில் திரும்பியவர்களின் காலணிகளைக் கப்பலில் ஏறும் முன் கழுவச் சொன்னார்கள். சரணாலயத்திலிருந்து ஒரு கல், ஒரு இலைகூட வெளியே போகக்கூடாது. நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தேன். எல்லாரும் ஒழுங்காகக் கழுவினார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்க வேண்டும்.

"நம்ம மண்மேடு மாதிரிதான் சார். கொஞ்சம் சூடு."

அவ்வளவுதான். நம்ம மண்மேடு மாதிரி. திரும்பும் வழியெல்லாம் அவர் தூங்கினார். பொழுது சாயும்வரை நான் விழித்திருந்து, பின்னால் சிறுத்துக்கொண்டே போன புகையைப் பார்த்தேன். விடுதியில் என் மனைவி, "எறங்கினீங்களா?" என்று கேட்டதற்கு, அலை ஜாஸ்தி என்றேன். ஃபோர்மேன் அருகில்தான் நின்றார்.

நெய்வேலி வந்த பிறகுதான் வாய் திறந்தார். பால் பூத்தில் நாலு பேர் கூடி எரிமலையைப் பற்றிக் கேட்டார்கள்.

"நான் எறங்கி மிதிச்சேன்" என்றார். "சார் கப்பல்ல நின்னு மேற்பார்வை பார்த்தாரு. எல்லாம் விதிப்படி நடந்துச்சு."

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு வலித்தது.

அந்த வாரம் எங்கள் இருவரின் பயணக் காகிதங்களும் என் பிரிவுக்கு வந்தன. என்னுடையதை வேறொருவர் பார்க்க வேண்டும், விதி அப்படி. அவருடையதை நான் பார்க்கலாம், விதி தடுக்கவில்லை. பார்த்தேன். கப்பலில் ஏறும்போது கிழித்துத் தருகிற சீட்டு அதில் இல்லை. "பயணம் மேற்கொண்டதற்கான அத்தாட்சி இணைக்கப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வேலியருகே வந்தார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"மூணு நாள் எனக்குப் பக்கத்துல படுத்து வாந்தி எடுத்தவரு நீங்க" என்றார். "நான் கப்பல்ல வந்ததுக்கு உங்களுக்கே அத்தாட்சி வேணுமா சார்?"

"எனக்கு வேண்டாம். கோப்புக்கு வேணும்."

"இந்தாங்க." சட்டைப்பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து வேலிக்கு மேலாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு கேமரா பிலிம் ரோல் வருகிற சின்னக் கறுப்பு டப்பா ஒன்றை நீட்டினார். "இது கோப்புக்கு இல்ல."

மூடியைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, கரகரப்பாக மண்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது நெசந்தான் சார்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல் தன் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு. "எறங்கிப் பத்தடி வைக்கல, மூச்சு அடைச்சுப்போச்சு. அந்தக் கந்தக நாத்தம் வேற. செத்தேன்னு நெனச்சு அப்படியே குந்திட்டேன். பேண்ட் மடிப்புல ஏறியிருக்கு. இங்க வந்து துவைக்கும்போதுதான் இவ பார்த்தா. கொட்டப் போனா. சாருக்கு ஆவும், வையின்னேன்."

அவர் அங்கே கும்பிடவில்லை. மூச்சு இரைத்துக் குந்தியிருந்தார். நான் தொலைநோக்கியில் பார்த்துக் குமைந்துபோனது, ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்ததை.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருப்பது எனக்கும் தெரியும். என் வாயில் வந்தது வேறு. "சரணாலயத்துல இருந்து மண் எடுத்து வர்றது சட்டப்படி குற்றம்" என்றேன்.

"அப்ப எழுதிக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையில் இருப்பதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மண்ணைக் கொட்டினேன். இரண்டு காலுக்குப் போதவில்லை. ஒரு காலுக்கும் போதவில்லை. விரலால் பரப்பிப் பார்த்தேன்; இடது குதிகாலுக்குச் சரியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தூக்கிக்கொண்டு, கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி அதன் மேல் நின்றேன். குத்தியது. சூடு எதுவும் இல்லை, ஆறிப்போயிருந்தது. ஆனாலும் என் ஸ்கூட்டரைவிட இளைய மண், என் தோலுக்கு அடியில்.

"இன்னா ஒத்தக் கால்ல நின்னுகினு இருக்கீங்க?"

வாசற்படியில் துடைப்பத்தோடு என் மனைவி.

"சும்மா" என்றேன்.

"தள்ளுங்க. காலையிலதான் பெருக்கினேன், அதுக்குள்ள இம்மாஞ் சாம்பல் வுழுந்து கெடக்கு பாருங்க."

நான் காலை எடுத்தேன். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாள். ஆனால் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, நான் ஏன் இறங்கவில்லை என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் பெருக்கினாள். அனல்மின் நிலையத்தின் அன்றைய சாம்பலோடு அதுவும் முறத்தில் ஏறி, வாழை மரத்தடிக்குப் போயிற்று.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக ஃபோர்மேனின் காகிதத்தில் சீட்டைக் குத்தி, சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த மார்கழியிலும் வேலிக்கு அப்பாலிருந்து அவர் மூச்சிழுப்பு எங்கள் சமையலறைவரை கேட்டது. எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தலாம். நான் சாத்தவில்லை, உட்கார்ந்து கேட்டேன். அந்த மூச்சு ஒருமுறை அங்கே போய், அந்தப் புகையை இழுத்து, கிட்டத்தட்ட நின்றே போய், பிறகு திரும்பி வந்திருக்கிறது. வெட்கம் இருந்தது. வெட்கத்துக்கு அடியில், குதிகாலில் குத்திய மண்ணைப் போல, பொறாமையும் இருந்தது.